தோன்றா எழுவாய்

மழை நின்றபாடில்லை.
ரியோ மான்சோ தேவாலயத்தின் மரக்கூரையில்
அது விழும் ஓசை
முதல் ஆறு வரிசைக்குக் கேட்காது.
நாற்பத்தொரு பேர், நரைத்தவர்கள்,
காதுகேளாதோர் பள்ளியின் பழைய மாணவர்கள்.
வாயால் பேசிப் பழகட்டும் என்று
கைகளைப் பின்னால் கட்டிவைத்த பள்ளி அது.
விடுதிக் கதவின் தாழ்ப்பாள்
வெளிப்பக்கம் இருந்தது.

ஆயர் உர்பீனா மன்னிப்புக் கேட்கிறார்.
அருகில் நேரீதா, சைகை மொழிபெயர்ப்பவள்,
கறுப்புச் சட்டை, மோதிரம் கழற்றிய விரல்கள்.
மூன்று தொலைக்காட்சிகள் வந்திருக்கின்றன.

"தவறுகள் நடந்துவிட்டன" என்கிறார் ஆயர்.

நேரீதாவின் கைகள் எழுந்து
பாதியில் நிற்கின்றன.

அவள் கைகளின் மொழியில்
ஓர் அடி எங்கிருந்தாவது புறப்பட்டாக வேண்டும்.
இடப்பக்கக் காற்றில் ஒருவரை நிறுத்தி,
வலப்பக்கம், சற்றுத் தாழ்வாக, ஒரு குழந்தையை நிறுத்தி,
அவரிடமிருந்து அதனிடம் கையைக் கொண்டுபோனால்தான்
வினைச்சொல்.
தானாக நடந்த தவறுக்கு
அவளிடம் கை இல்லை.

என் மொழி இதில் கெட்டிக்காரி.
செய்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு
வாக்கியத்தை மட்டும் வீடு சேர்த்துவிடும்.
தோன்றா எழுவாய் என்று
இலக்கணத்தில் நல்ல பெயரும் உண்டு அதற்கு.
பள்ளியில் இரண்டு மதிப்பெண்.

நேரீதா குனிந்து கேட்கிறாள்: "யார்?"

ஆயர் தாளைப் பார்க்கிறார். தாளில் இல்லை.
"நோசோத்ரோஸ்" என்கிறார்.
அந்த ஊர்ச் சொல்லில்
நாமும் உண்டு, நாங்களும் உண்டு,
பிரித்துக் கேட்டால் விழிக்கும்.
ஆனால் விரலுக்குத் தெரிந்தாக வேண்டும்
எவ்வளவு பெரிய வட்டம் போடுவதென்று.
நாம் என்றால் முதல் ஆறு வரிசையும்
உள்ளே வந்துவிடும்,
கட்டுண்ட கைகளும் கட்டியவையும்
ஒரே பந்தியில்.

அவள் பீடத்தோடு வட்டத்தை முடித்துக்கொள்கிறாள்.
நாங்கள்.

மூன்றாம் வரிசையில் எர்மீனியா எழுகிறாள்.
இரண்டு விரல்களை நெருக்கிக் காட்டுகிறாள்:
இன்னும் சின்னதாக.

என்ன சொல்கிறாள் என்று ஆயருக்குப் புரிகிறது.
அவர் கை மெல்ல உயர்ந்து
தன் நெஞ்சைத் தொடப் போய்
அங்கே தொங்கும் சிலுவையைத் தொடுகிறது.

"அவரைக் காட்டுகிறாரே" என்று
பக்கத்திலிருந்தவருக்குச் சைகை செய்கிறான் ஒஸ்வால்தோ.
"பாவம், அந்த ஆளின் கைகளையும்தானே
அசையவிடாமல் செய்தார்கள்."
ஆறு வரிசையும் சிரித்தது,
தன் சிரிப்பின் உயரம் தெரியாமல்.

மறுநாள் செய்தித்தாளில் ஆயரின் கண்ணீர்.
அதை நான் சந்தேகிக்கவில்லை.
பள்ளிக்குப் புதுப்பெயர் வைத்தார்கள்.
தாழ்ப்பாளைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரு குழு:
இரு குருக்கள், ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர்,
கேட்டுக் கேட்டு வாங்கிய நாற்காலியில் எர்மீனியா.
நேரீதாவின் கூலி எந்தக் கணக்கில் என்பதிலேயே
முதல் அமர்வு முடிந்தது.
இரண்டாவதில் வரைவு அறிக்கை வந்தது:
"வேறு பள்ளிகளுக்கு இடமாற்றம் செய்யப்பட்டார்."
எர்மீனியா சிவப்புப் பேனாவை எடுத்து
அந்த வரிக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தாள்,
ஒரு பெயர் கொள்ளும் நீளத்துக்கு.
அது நிரம்பாமல் கையெழுத்து இல்லை என்றாள்.
மூன்றாம் அமர்வில்
கோட்டை அடித்துவிடலாமா என்று விவாதித்தார்கள்.

இன்று நான்காவது. மீண்டும் மழை.
யாரும் அழைக்காமல் ஆயரே வந்திருக்கிறார்.
அந்த ஆண்டில் இடமாற்றக் கடிதங்களை எழுதிய
இளம் செயலாளர் யாரென்று
அறையில் இருவருக்குத் தெரியும்.
இன்னொருவர் அவர்.

தாளைத் தன் பக்கம் இழுக்கிறார்.
பேனா மூடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.
அது உருண்டு போய்
எர்மீனியாவின் கையருகே நிற்கிறது.
அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.